அவசரப் பிரிவு மூச்சுநோய்ச் சேர்க்கை டேட்டா: யாருக்கு என்ன சிகிச்சை என்று பிரித்தறிவது எப்படி?

தரவுத்தறி (கேள்வி)

அவசரப் பிரிவின் நான்கு ஆண்டு டேட்டா ஐந்து டேபிள்களாக இருக்கிறது: வருகைப் பட்டியல், ஐசிடி-10 நோய்க்குறியீடுகள் (ஒரு வருகைக்கு முதன்மைக் குறியீடு ஒன்று, துணைக் குறியீடுகள் பல), நாடித்துடிப்பு, மூச்சு வேகம், ஆக்சிஜன் செறிவு போன்ற அளவீடுகள், மருந்து ஆர்டர்கள், லேப் முடிவுகள். பெயர், முகவரி நீக்கப்பட்டு மாற்று எண் போடப்பட்டிருக்கிறது.

ஆஸ்துமா, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்), நிமோனியா என்று வருகிறவர்களுக்கு முதல் 24 மணி நேரத்தில் நெபுலைசர், ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், ஆக்சிஜன், முகமூடி வழி வென்டிலேஷன் ஆகியவை எந்த வரிசையில், எவ்வளவு நேரத்துக்குள், யார் யாருக்குக் கொடுக்கப்படுகின்றன என்று தெரிய வேண்டும். முதன்மைக் குறியீடு ஜே00 முதல் ஜே99 வரை உள்ள வருகைகளைப் பிரித்து, மருந்து டேபிளோடு இணைத்து எண்ணியாயிற்று. வந்த விடைகள் நம்பும்படி இல்லை.

நிமோனியா எண்ணிக்கை கடைசி இரண்டு ஆண்டுகளில் சரிகிறது. ஆனால் வார்டில் அப்படி எந்தக் குறைவும் இல்லை என்கிறார்கள். ஸ்டீராய்டு பெற்றவர்கள் பெறாதவர்களைவிட அதிக நாள் படுக்கையில் இருக்கிறார்கள், அதிகம் பேர் இறக்கிறார்கள். சில வரிகளில் "முதல் மருந்துக்கு ஆன நேரம்" மைனஸில் வருகிறது. ஆக்சிஜன் செறிவு 97 காட்டும் நோயாளி நேராக ஐசியுவுக்குப் போயிருக்கிறார். இவற்றை எந்த வரிசையில் சரிசெய்வது? கருவி பைத்தானா, ஆர் (R) மொழியா என்பது எனக்குப் பொருட்டில்லை. முறை சரியாக இருக்க வேண்டும்.

குறியீட்டகம் (பதில்)

நிமோனியா குறைந்ததற்கு மருத்துவக் காரணம் தேடும் முன், குறியீட்டை யார், எப்போது போடுகிறார்கள் என்று பாருங்கள். நோயாளி மூச்சிரைத்துக்கொண்டு வரும்போது அவருக்கு எந்த ஐசிடி எண்ணும் கிடையாது. டிஸ்சார்ஜ் ஆன பிறகு பதிவுப் பிரிவில் கேஸ் ஷீட்டைப் படித்துப் போடுவதுதான் அது. ஆகவே அது முடிவில் எழுதப்பட்ட தீர்ப்பு. சிகிச்சை தொடங்கியபோது டாக்டர் கையில் அது இல்லை. அதை வைத்து முதல் மணி நேரச் சிகிச்சையைக் குழு பிரித்தால், அப்போது யாருக்கும் தெரியாத ஒன்றை வைத்துப் பிரிப்பதாகிவிடும்.

உங்கள் நிமோனியா பெரும்பாலும் எங்கும் போயிருக்காது, இடம் மாறியிருக்கும். ஒரே நோயாளிக்கு முதன்மைக் குறியீடு ஜே18 என்றும் எழுதலாம், செப்சிஸ் (தொற்றால் உடல் முழுதும் வரும் பாதிப்பு) ஏ41 என்றும் எழுதலாம், மூச்சுச் செயலிழப்பு ஜே96 என்றும் எழுதலாம். பின்னிரண்டிலும் நிமோனியா துணைக் குறியீடாகக் கீழே இறங்கிவிடும். அமெரிக்காவில் 2003 முதல் 2009 வரையான சேர்க்கைகளில் இதுவே நடந்தது. முதன்மை நிமோனியா குறைந்தது, நிமோனியாவைத் துணையாகக் கொண்ட செப்சிஸ் பெருகியது. நிமோனியாவில் இறப்பு குறைந்ததுபோலத் தெரிந்ததில் பெரும்பகுதி, மிக மோசமான நோயாளிகள் வேறு குறியீட்டுக்கு நகர்ந்ததால் வந்தது. இதைச் சோதிக்க ஒரு கோட்டுப்படம் போதும். மாதவாரியாக "முதன்மை ஜே12 முதல் ஜே18", "முதன்மை ஏ40, ஏ41 அல்லது ஜே96, துணையில் ஜே12 முதல் ஜே18" என்ற இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரையுங்கள். மொத்த உயரம் மாறாமல் உள்பங்கு மட்டும் மாறினால் விடை கிடைத்துவிட்டது.

ஜே00 முதல் ஜே99 வரை என்ற வடிகட்டியே சிக்கலானது. அதற்குள் மூக்கடைப்பும் டான்சிலும் வந்துவிடும். அதே நேரம் வர வேண்டிய பல வெளியே நின்றுவிடும். கோவிட் யு07.1இல் இருக்கிறது. காசநோய் ஏ15, ஏ16இல். கக்குவான் ஏ37இல். பிறந்த குழந்தையின் மூச்சுத்திணறலுக்கும் பிறவி நிமோனியாவுக்கும் பச்சிளங்குழந்தை அத்தியாயத்தில் தனிக் குறியீடுகள். அவசரப் பிரிவிலிருந்தே வீட்டுக்குப் போனவர்களுக்கு நோய்ப் பெயர் இல்லாமல் மூச்சுத்திணறல் ஆர்06.0, வீசிங் ஆர்06.2, இருமல் ஆர்05 என்று அறிகுறி மட்டும் இருக்கும். மூச்சுத்திணறலோடு வந்து கடைசியில் இதயச் செயலிழப்பு ஐ50 அல்லது நுரையீரல் ரத்தக்கட்டு ஐ26 என்று முடிந்தவர்களும் முதல் மணியில் நெபுலைசர், ஸ்டீராய்டு வாங்கியிருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டால், தவறாகக் கணித்துக் கொடுத்த சிகிச்சை உங்கள் கண்ணிலேயே படாது.

இன்னும் சில கண்ணிகள். ஜே22 என்பது "குறிப்பிடாத கீழ்மூச்சுத்தொற்று". எக்ஸ்ரே அறிக்கை கேஸ் ஷீட்டில் இல்லாதபோது பலவும் அங்கே போய் விழும். சிஓபிடியோடு நிமோனியாவும் இருந்தால் ஜே44.0, ஜே18 இரண்டும் போடுவார்கள். எது முதலில் என்ற விதி நாட்டுக்கு நாடு, பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. கடும் ஆஸ்துமாவுக்கு உலக சுகாதார நிறுவனப் பதிப்பில் ஜே46 உண்டு. அமெரிக்க மருத்துவப் பதிப்பில் அது கிடையாது, ஜே45இன் உட்பிரிவாகவே வரும். உங்கள் டேட்டா எந்தப் பதிப்பு, இடையில் பதிப்பு மாறியதா என்பதை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, குறியீட்டை நம்பலாமா என்பதை ஊகத்தில் விடாதீர்கள். நிமோனியா என்று குறியிட்டவற்றில் 100 கேஸ் ஷீட்டை எழுமாற்றாக எடுத்து, எக்ஸ்ரே அறிக்கையோடு இருவர் தனித்தனியே படிக்க வேண்டும். அதில் 85 சரி என்று வந்தால், உண்மை விகிதம் ஏறத்தாழ 77க்கும் 91க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். அந்த அகலத்தையும் சேர்த்தே அறிக்கையில் எழுதுங்கள். நிமோனியா என்று குறியிடப்படாத மூச்சுத்திணறல் வருகைகளிலும் 100 எடுத்துப் பாருங்கள். இதைப் பலரும் செய்வதில்லை. விட்டுப்போனவை அங்கேதான் இருக்கும்.

நேரமுத்திரை

மைனஸ் நேரம் பற்றி. ஒரு வருகைக்குள் குறைந்தது ஐந்து கடிகாரங்கள் ஓடுகின்றன: வந்த நேரம், ட்ரையாஜ் (தீவிரம் பார்த்துத் தரம்பிரிக்கும்) நேரம், டாக்டர் பார்த்த நேரம், சேர்க்க முடிவெடுத்த நேரம், வார்டுக்குப் போன நேரம். "சேர்க்கை நேரம்" என்ற ஒரே பெயரில் சில மென்பொருள்கள் நான்காவதைத் தருகின்றன, சில ஐந்தாவதை. அதைப் பூஜ்ஜியமாக வைத்தால் அவசரப் பிரிவில் கொடுத்த மருந்தெல்லாம் மைனஸில்தான் விழும். உங்கள் பூஜ்ஜிய நேரம் வந்த நேரமாக இருக்கட்டும்.

அதற்குப் பிறகும் மைனஸ் மிஞ்சினால் காரணம் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றாக இருக்கும். நோயாளியை நேரே உயிர்காப்பு அறைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை தொடங்கிவிட்டு, பதிவு பிறகு நடந்திருக்கும். ஆம்புலன்ஸில் கொடுத்த நெபுலைசர் பின்னால் ஏற்றப்பட்டிருக்கும். நர்ஸ் காகிதத்தில் எழுதியதை ஷிஃப்ட் முடிவில் கணினியில் இட்டிருப்பார். நேரம் இடாத இடத்தில் மென்பொருள் 00:00 என்று நிரப்பியிருக்கும். இவற்றைப் பிரிக்க, நேரத்தின் நிமிடப் பகுதியை மட்டும் எடுத்து 0 முதல் 59 வரை பட்டை வரைபடம் போடுங்கள். 0, 15, 30, 45இல் மட்டும் குன்றுகள் தெரிந்தால் அது பின்னால் எழுதிய நேரம். அதை வைத்து "எத்தனை நிமிடத்தில்" என்று பேச முடியாது, "முதல் ஒரு மணிக்குள்ளா இல்லையா" என்று வேண்டுமானால் பேசலாம். நள்ளிரவு 00:00இல் மட்டும் ஒரு தூண் எழுந்து நின்றால் அந்த வரிகளின் நேரத்தைக் காலியாக்குங்கள். 30 நிமிடத்துக்குள் இருக்கும் மைனஸைப் பூஜ்ஜியமாகக் கொள்ளலாம். அதற்கு மேல் போனால் தனிக் கொடி வைத்து ஒதுக்குங்கள். சத்தமில்லாமல் அழித்துவிட்டால், உயிர்காப்பு அறைக்கு நேராகப் போன மோசமான நோயாளிகளைத்தான் அழித்திருப்பீர்கள்.

மருந்து டேபிளுக்கு வருவோம். நீங்கள் சொல்வது ஆர்டர் டேபிள். ஆர்டர் போட்டது, மருந்தகம் கொடுத்தது, நோயாளி உடலில் ஏறியது மூன்றும் வேறு வேறு. முடிந்தால் நர்ஸ் கையொப்பமிட்ட மருந்தளிப்புப் பதிவை வாங்குங்கள். "தேவைப்பட்டால்" என்று எழுதிய சால்பியூட்டமால் (மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து) ஆர்டரைக் கொடுத்ததாக எண்ணினால் நெபுலைசர் எண்ணிக்கை ஊதிப்போகும். வீட்டில் ஏற்கெனவே எடுத்துவந்த மருந்துகளின் பட்டியலும் சில அமைப்புகளில் இதே டேபிளில் கலந்திருக்கும். அதைப் பிரிக்காவிட்டால், வீட்டில் ஸ்டீராய்டு இன்ஹேலர் வைத்திருப்பவர் எல்லாம் அவசரப் பிரிவில் ஸ்டீராய்டு வாங்கியதாகிவிடுவார்.

மருந்துப் பெயர்களை ஏடிசி என்ற சர்வதேச மருந்து வகைப்பாட்டுக் குறியீட்டுக்கு மாற்றுங்கள். சால்பியூட்டமால் ஆர்03ஏசி02, இன்னொரு மூச்சுக்குழல் விரிப்பானான ஐப்ராட்ரோபியம் ஆர்03பிபி01, இரண்டும் கலந்தது ஆர்03ஏஎல்02. கலவையை இரண்டு வகுப்பிலும் எண்ண வேண்டும், இல்லாவிட்டால் ஐப்ராட்ரோபியம் குறைவாகத் தெரியும். உடலுக்குள் செல்லும் ஸ்டீராய்டுகள் ஹெச்02ஏபி, ஆன்டிபயாடிக்குகள் ஜே01. ஒரு எச்சரிக்கை: ஐசிடியிலும் ஜே01 உண்டு, அது சைனசைட்டிஸ். இரண்டு பத்திக்கும் "குறியீடு" என்றே பெயர் வைத்து இணைத்தால் பிழைச்செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தப்பாக வரும்.

ஸ்டீராய்டு அளவைக் கூட்டும் முன் எல்லாவற்றையும் பிரெட்னிசலோன் கணக்குக்கு மாற்றுங்கள். பிரெட்னிசலோன் 5 மி.கி.க்கு ஈடு மெதில்பிரெட்னிசலோன் 4 மி.கி., ஹைட்ரோகார்டிசோன் 20 மி.கி., டெக்சாமெதசோன் 0.75 மி.கி. மில்லிகிராம்களை அப்படியே கூட்டினால் ஹைட்ரோகார்டிசோன் 200 மி.கி. பெற்றவர் பிரெட்னிசலோன் 50 மி.கி. பெற்றவரைவிட நான்கு மடங்கு வாங்கியதாகத் தெரியும். இரண்டும் ஒரே அளவுதான்.

அந்த 97 நோயாளி ஆக்சிஜன் போட்ட நிலையில் 97 ஆக இருந்திருப்பார். செறிவு எண்ணுக்குப் பக்கத்தில் கருவி (மூக்குக்குழாய், சாதா முகமூடி, பையுள்ள முகமூடி, வெஞ்சுரி), நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்ற இரண்டும் இல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. ஆக்சிஜனுக்குப் பல இடங்களில் மருந்து ஆர்டரே போடுவதில்லை. அது நர்சிங் சார்ட்டில்தான் கிடைக்கும். சார்ட்டில் கருவிப் பத்தி காலியாக இருந்தால் "அறைக்காற்று" என்று நிரப்பிவிடாதீர்கள், "தெரியாது" என்று மூன்றாவது வகை வையுங்கள்.

பதிவு அமைப்புகள் தரும் வருகை எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியவர் இரண்டு வருகையாக இருப்பார். முந்தைய வருகை முடிந்து 24 மணிக்குள் தொடங்கும் அடுத்த வருகையை மாற்றலா, திரும்ப வந்ததா என்று டிஸ்சார்ஜ் வகையை வைத்துப் பிரியுங்கள். மாற்றல் என்றால் ஒரே சம்பவமாக இணைத்துவிடுங்கள்.

மூச்சொலி

மேலே இருவரும் சொன்னவை முடிந்த பிறகு மருத்துவப் பக்கம். "சிஓபிடி நோயாளிகளில் இத்தனை சதவீதம் பேருக்கு முகமூடி வழி வென்டிலேஷன்" என்ற எண்ணால் யாருக்கும் பயனில்லை. எல்லோருக்கும் அது தேவையில்லை. ரத்த வாயுப் பரிசோதனையில் பிஹெச் 7.35க்குக் கீழே போய், கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 45 மி.மீ. பாதரசத்துக்கு மேல் ஏறியவர்கள்தான் வகுத்தெண் (சதவீதத்துக்கு அடிப்படையாகும் மொத்த எண்ணிக்கை). அவர்களில் எத்தனை பேருக்கு, எத்தனை மணிக்குள் கிடைத்தது என்பதே கேள்வி. மாதிரி தமனி ரத்தமா, சிரை ரத்தமா என்று லேப் டேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள். சிரை ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடுதலாகவே இருக்கும். அதைத் தமனி என்று எடுத்தால் தேவையில்லாதவர்கள் வகுத்தெண்ணுக்குள் வந்துவிடுவார்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் இதுபோலத் தகுதியுடையவர் யார் என்று முதலில் வரையறுத்துவிட்டுத்தான் எண்ணத் தொடங்க வேண்டும்.

பெரியவர்களின் கடும் ஆஸ்துமாவில் எதிர்பார்க்க வேண்டிய வடிவம் இது: சால்பியூட்டமால் 2.5 முதல் 5 மி.கி. நெபுலைசரில், முதல் மணியில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை. கூடவே ஐப்ராட்ரோபியம் 0.5 மி.கி. பிரெட்னிசலோன் 40 முதல் 50 மி.கி., முதல் மணிக்குள். இவற்றுக்கு மசியாதவர்களுக்கு மெக்னீசியம் சல்பேட் 2 கிராம், 20 நிமிடத்தில் நரம்பு வழி. ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்கவே நான்கு மணி நேரமாவது ஆகும். அதனால்தான் கொடுத்தாரா என்பதைவிட எப்போது கொடுத்தார் என்பது முக்கியம். ஐந்தாவது மணியில் வார்டில் கொடுத்த மாத்திரையையும் முதல் மணியில் கொடுத்ததையும் ஒரே "ஆம்" என்று பதிந்தால் பார்க்க வேண்டியதே மறைந்துவிடும்.

சிஓபிடி தீவிரமாகும்போது பிரெட்னிசலோன் 40 மி.கி., 5 நாள். 5 நாளும் 14 நாளும் ஒப்பிட்ட சோதனை 2013இல் வெளியாகி, குறுகிய காலம் தாழ்ந்ததில்லை என்று காட்டியது. ஆகவே எத்தனை நாள் கொடுக்கப்பட்டது என்பதையும் அளவிடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிய மாத்திரைகளைச் சேர்க்காவிட்டால் எல்லோரும் 2 நாளோடு நிறுத்தியதுபோலத் தெரியும். ஆக்சிஜன் இலக்கு 88 முதல் 92 வரை. இங்கே 97 நல்ல எண் அல்ல. ஆக்சிஜன் ஏறிக்கொண்டிருக்கும் சிஓபிடி நோயாளி 92க்கு மேல் எத்தனை நேரம் இருந்தார் என்று கணக்கிடுங்கள். எல்லா அவசரப் பிரிவும் இந்த ஒரு கணக்கையாவது போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நிமோனியாவில் தீவிரத்துக்கு கர்ப்-65 மதிப்பெண்ணை டேட்டாவிலிருந்தே கட்டலாம்: குழப்பம், யூரியா லிட்டருக்கு 7 மில்லிமோலுக்கு மேல், மூச்சு வேகம் 30 அல்லது கூடுதல், ரத்த அழுத்தம் மேல் எண் 90க்குக் கீழ் அல்லது கீழ் எண் 60 அல்லது குறைவு, வயது 65 அல்லது கூடுதல். உங்கள் லேப் யூரியா தருகிறதா, யூரியா நைட்ரஜன் தருகிறதா, எந்த அலகில் என்று பாருங்கள். ஒன்றை மற்றதாக எடுத்தால் மதிப்பெண் முழுக்கத் தப்பும். மூச்சு வேகப் பத்தியில் பெரும்பாலும் 16, 18, 20 மட்டுமே வரும். எண்ணாமல் எழுதுவதால் வரும் குன்றுகள் அவை. 30க்கு மேல் எழுதியிருந்தால் நம்பலாம், 18 என்று எழுதியிருந்தால் "இயல்பு போலத் தெரிந்தது" என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆன்டிபயாடிக் நேரத்தை அளவிடும்போது ஒரு பழைய பாடம் நினைவில் இருக்கட்டும். அமெரிக்காவில் நிமோனியாவுக்கு முதல் டோஸ் 4 மணிக்குள் என்று தர அளவுகோல் வைத்தார்கள். டாக்டர்கள் சந்தேகப்பட்டவர்களுக்கெல்லாம் மருந்தைத் தொடங்க, நிமோனியா இல்லாதவர்களுக்கும் ஆன்டிபயாடிக் போனது. பிறகு அதை 6 மணியாக்கி, கடைசியில் கைவிட்டார்கள். ஆகவே நேரத்தோடு, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லாமல் ஆன்டிபயாடிக் பெற்றவர்கள் எத்தனை பேர் என்பதையும் ஒரே படத்தில் காட்டுங்கள்.

குழந்தைகளைத் தனியே பிரித்துவிடுங்கள். ஒரு வயதுக்குட்பட்டவர்களின் பிராங்கியோலைட்டிஸில் (சிறு மூச்சுக்குழல் அழற்சி, ஜே21) சால்பியூட்டமாலும் ஸ்டீராய்டும் வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. பெரியவர்களில் கொடுக்காதது குறை என்றால், இங்கே கொடுத்ததுதான் குறை. இரண்டையும் ஒரே சதவீதத்தில் கலந்தால் ஒன்றையொன்று விழுங்கிவிடும்.

எண்ணும்எழுத்தும்

ஸ்டீராய்டு கேள்விக்கு வருகிறேன். மற்றவை டேட்டாவைச் சுத்தம் செய்தால் தீர்ந்துவிடும். இது எவ்வளவு சுத்தம் செய்தாலும் தீராது.

கற்பனைக் கணக்கு ஒன்று. கடும் நோயாளிகள் 100 பேர். 90 பேருக்கு ஸ்டீராய்டு, அவர்களில் 9 பேர் இறக்கிறார்கள். கொடுக்காத 10 பேரில் 2 பேர். லேசான நோயாளிகள் 400 பேர். 100 பேருக்கு ஸ்டீராய்டு, 1 இறப்பு. கொடுக்காத 300 பேரில் 6 இறப்பு. இரண்டு அடுக்கிலும் ஸ்டீராய்டு பெற்றவர்களின் இறப்பு விகிதம் பாதிதான்: 10க்கு எதிராக 20, 1க்கு எதிராக 2. இப்போது அடுக்கைக் கலைத்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள். பெற்றவர்கள் 190 பேரில் 10, அதாவது 5.3 சதவீதம். பெறாதவர்கள் 310 பேரில் 8, அதாவது 2.6 சதவீதம். உயிர் காத்த மருந்து உயிரைப் பறிப்பதுபோல் நிற்கிறது. மோசமானவர்களுக்குத்தான் கொடுக்கிறோம் என்ற ஒரே காரணம்தான்.

இதற்கு நேர் எதிராக இன்னொரு பிழையும் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும். "தங்கியிருந்த காலத்தில் எப்போதாவது ஸ்டீராய்டு பெற்றவர்" என்று குழு பிரித்தால், வந்த அரை மணியில் இறந்தவர் மருந்து பெற வாய்ப்பே இல்லாமல் "பெறாதவர்" குழுவில் சேர்கிறார். பத்து நாள் தங்கியவருக்குப் பத்து நாளும் வாய்ப்பு. அதனால் நீண்ட தங்கல் ஸ்டீராய்டின் விளைவுபோலத் தெரியும், ஆரம்ப இறப்பெல்லாம் ஸ்டீராய்டு இல்லாததன் விளைவுபோலத் தெரியும். இரண்டு பிழையும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால் மிச்சமாக வரும் எண் எதையும் சொல்லாது.

எளிய தீர்வு, எல்லைக்கோடு வைப்பது. வந்து 3 மணி ஆன நேரத்தில் உயிரோடு பிரிவில் இருப்பவர்களை மட்டும் எடுங்கள். அதற்குள் பெற்றவர், பெறாதவர் என்று பிரியுங்கள். விளைவுகளை 3 மணிக்குப் பிறகு மட்டும் எண்ணுங்கள். நான்காவது மணியில் பெற்றவர் "பெறாதவர்" குழுவிலேயே இருப்பார். அதை மாற்றத் தோன்றும், மாற்றக்கூடாது. எல்லைக்கோட்டுக்கு முன் இறந்தவர், வீட்டுக்குப் போனவர் எத்தனை பேர் என்பதைத் தனியே அச்சிடுங்கள். 1 மணி, 6 மணி என்று கோட்டை நகர்த்திப் பார்த்து விடை எவ்வளவு ஆடுகிறது என்றும் காட்டுங்கள்.

தீவிரத்தைச் சரிக்கட்ட எடுக்கும் மாறிகள் அனைத்தும் சிகிச்சைக்கு முந்தியவையாக இருக்க வேண்டும். சால்பியூட்டமால் நாடித்துடிப்பையும் லாக்டேட்டையும் ஏற்றும். ஸ்டீராய்டு வெள்ளணுக்களையும் சர்க்கரையையும் ஏற்றும். முதல் 24 மணியின் மிக மோசமான அளவீட்டை எடுத்துத் தீவிரம் என்று வைத்தால், மருந்தின் விளைவையே நோயின் தீவிரமாக எண்ணுகிறீர்கள். ட்ரையாஜில் எடுத்த முதல் அளவீடு மட்டும் போதும். உச்ச ஊதுவேகம் கடும் நோயாளிகளுக்கு எடுத்திருக்கவே மாட்டார்கள், ஊதும் நிலையில் அவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். அந்தக் காலியிடத்தைச் சராசரியால் நிரப்பினால் மிக மோசமானவரை நடுத்தரமாக்கிவிடுவீர்கள். "எடுக்கவில்லை" என்பதையே ஒரு மாறியாக வையுங்கள்.

கடும் ஆஸ்துமாவில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் ஒப்பிட ஆளே இல்லை. எந்தப் புள்ளியியல் மாதிரியும் அந்த ஆளை உண்டாக்கித் தராது. அங்கே "பலன் என்ன" என்று கேட்காமல் "எவ்வளவு சீக்கிரம்" என்று மட்டும் கேளுங்கள்.

தங்கிய நாட்களுக்குச் சராசரி வேண்டாம். சிலர் 60 நாள் இருப்பார்கள், அவர்கள் சராசரியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இடைநிலையும் கால்மான எல்லைகளும் கொடுங்கள். இறப்பு தங்கும் நாளைக் குறைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டாம் நாள் இறந்தவர் "விரைவாக டிஸ்சார்ஜ்" ஆனவராகப் பட்டியலில் இருப்பார். உயிரோடு வீடு திரும்புவதை ஒரு நிகழ்வாகவும் இறப்பைப் போட்டி நிகழ்வாகவும் (முதலாவதை நடக்கவிடாமல் தடுப்பதாகவும்) வைத்து, நாளாக நாளாக எத்தனை சதவீதம் பேருக்கு எது நடந்தது என்று காட்டும் திரள்நிகழ்வு வளைகோடு வரைவதே சரி.

ஆண்டுகளுக்கு ஊடாகப் போக்கு பார்ப்பதானால், உங்கள் நான்கு ஆண்டுக்குள் 2020 வருகிறதா? கோவிடுக்கு டெக்சாமெதசோன் 6 மி.கி. பலன் தருகிறது என்ற முடிவு 2020 ஜூனில் வந்தது. அதன்பின் நிமோனியாவில் ஸ்டீராய்டு பயன்பாடு வேறு காரணத்துக்காக உயர்ந்தது. தொற்று பரவும் அச்சத்தில் பல இடங்களில் நெபுலைசரைக் குறைத்து ஸ்பேசர் வழி இன்ஹேலருக்கு மாறினார்கள். அந்த முறிவின் ஊடாக ஒரே நேர்கோடு போட வேண்டாம். தினசரி எண்ணிக்கையில் திடீர்ச் சிகரம் வந்தால் பிழை என்று வெட்டிவிடாதீர்கள். 2016 நவம்பர் 21 அன்று மெல்பர்னில் இடிமழையைத் தொடர்ந்து ஒரே மாலையில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு அவசரப் பிரிவுகளுக்கு வந்தார்கள், 10 பேர் இறந்தார்கள். டேட்டாவில் அது வெறும் விலகல் புள்ளியாகத்தான் தெரிந்திருக்கும்.

தரவுத்தறி

மிக்க நன்றி. வந்த நேரத்தைப் பூஜ்ஜியமாக்கியதும் மைனஸ் வரிகள் பெரும்பாலும் போய்விட்டன. நிமோனியாவையும் அடுக்கி வரைந்தேன், செப்சிஸ் பங்குதான் வளர்ந்திருக்கிறது.

இன்னும் இரண்டு. சிகிச்சை வரிசையை அப்படியே எழுதினால் நூற்றுக்கணக்கான வேறுபட்ட வரிசைகள் வருகின்றன. ஒத்த வரிசைகளைக் கணினியே சேர்த்துக் குழுவாக்கும் தானியங்கிக் குழுவாக்கம் செய்யலாமா? முறையைப் பழக, மற்றவர்களுக்கும் காட்ட, பொதுவில் கிடைக்கும் டேட்டா ஏதும் உண்டா?

நேரமுத்திரை

பழகுவதற்கு மிமிக்-4இன் அவசரப் பிரிவுத் தொகுப்பு நல்லது. பாஸ்டனின் ஒரு மருத்துவமனையில் 2011 முதல் 2019 வரை நடந்த சுமார் 4,25,000 அவசரப் பிரிவு வருகைகள் அதில் இருக்கின்றன. ஆய்வு நெறிப் பயிற்சி முடித்து, பயன்பாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் இலவசமாகக் கிடைக்கும். அதில் மெட்ரிகான் என்ற டேபிள் வீட்டு மருந்துகள். பிக்சிஸ் என்பது மருந்து அலமாரி இயந்திரம் வெளியே கொடுத்தது. உடலில் ஏறிய நேரம் அதில் இல்லை. வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில். ஒவ்வொரு நோயாளியின் தேதிகளும் தனித்தனி அளவில் எதிர்காலத்துக்கு நகர்த்தப்பட்டவை. ஒரே நோயாளிக்குள் இடைவெளிகள் சரியாக இருக்கும், இரண்டு நோயாளிகளின் தேதியை ஒப்பிட முடியாது. ஆகவே பருவகாலம், தினசரி எண்ணிக்கை, காற்று மாசோடு தொடர்பு எதையும் அதில் பார்க்க வேண்டாம். படம் அழகாக வரும், பொருள் இருக்காது.

எண்ணும்எழுத்தும்

குழுவாக்கத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் நேரத்தை மூன்று சன்னலாக்குங்கள்: 0 முதல் 1 மணி, 1 முதல் 4, 4 முதல் 24. சிகிச்சையை ஆறு வகுப்பாக்குங்கள்: மூச்சுக்குழல் விரிப்பான், ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், ஆக்சிஜன், முகமூடி வழி வென்டிலேஷன், குழாய் வழி வென்டிலேஷன். ஒவ்வொரு சன்னலிலும் ஒவ்வொரு வகுப்பும் உண்டு, இல்லை என்று எழுதினால் ஒரு நோயாளிக்கு 18 கட்டங்கள். வரிசைகளை அதிகம் வருவதிலிருந்து இறங்குமுகமாக அடுக்குங்கள். மேலே சில வரிசைகளே பெரும்பான்மையினரை மூடிவிடும். மிச்சத்தை "பிற" என்று ஒதுக்காமல் கேஸ் ஷீட்டோடு படியுங்கள். தவறிய கணிப்பும் பதிவுப் பிழையும் அங்கேதான் கூடியிருக்கும்.

அதன்பின் குழுவாக்கம் செய்தால், வந்த குழுக்களை ட்ரையாஜ் நிலையோடு குறுக்கட்டவணை போடுங்கள். பெரும்பாலும் குழு ஒன்று லேசானவர்கள், குழு மூன்று மோசமானவர்கள் என்று தீவிரத்தையே திருப்பித் தரும். அப்படியென்றால் அது புதிய சிகிச்சை முறை அல்ல. ஒரே ட்ரையாஜ் நிலைக்குள், ஒரே வந்தபோதைய புகாருக்குள், இரவு ஷிஃப்டுக்கும் பகலுக்கும் அல்லது ஒரு மருத்துவமனைக்கும் இன்னொன்றுக்கும் வரிசை மாறுகிறதா என்று பாருங்கள். மருத்துவமனைகள் பல என்றால் மருத்துவமனைக்கு மருத்துவமனை உள்ள வேறுபாட்டையும் கணக்கில் எடுக்க, மருத்துவமனையைச் சீரற்ற விளைவாக வைத்த கலப்புப் புள்ளியியல் மாதிரி வேண்டும். சிறிய மருத்துவமனையின் 10 நோயாளிகளில் வரும் 90 சதவீதத்தைப் பெரிய இடத்தின் 90 சதவீதத்தோடு நேராக ஒப்பிடக்கூடாது. வெளியிடும் அட்டவணையில் 10க்குக் குறைவான கட்டங்களை மறையுங்கள். அரிதான வரிசை, வயது, மாதம் மூன்றும் சேர்ந்தால் ஆளை அடையாளம் கண்டுவிடலாம்.

மூச்சொலி

வகுப்புகளில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது: சிறுநீர் பிரிக்கும் ஊசி, ஃப்ரூசமைடு. அதை ஏழாவதாகச் சேருங்கள், 21 கட்டங்கள் ஆகும். மூச்சுத்திணறலோடு வந்த முதியவருக்கு முதல் மணியிலேயே நெபுலைசர், ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், ஃப்ரூசமைடு நான்கும் போயிருந்தால், நுரையீரலா இதயமா என்று அப்போது முடிவாகவில்லை என்று பொருள். அந்த வரிசையில் வருபவர்களைத் தனியாக எடுத்து, நெஞ்சு எக்ஸ்ரேயும் இதயச் செயலிழப்புக்கான பிஎன்பி ரத்தப் பரிசோதனையும் எத்தனையாவது மணியில் வந்தன என்று பாருங்கள்.